சிச்செக்

ஷார்ஜா, ரோலா. எங்கள் டைப்பிங் சென்டரில்
படிவம் ஒன்றுக்கு முப்பது திர்ஹம்,
அவசரம் என்றால் நாற்பது.
எர்ஷத் பயாத்லி அவசரம் என்றான்.
பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான்.

பெண் குழந்தை. ஒன்பது நாள்.
பெயர்?
சிச்செக்.
அரபியில் அடித்தேன்.
ஜிஜக் என்று விழுந்தது திரையில்.
இல்லை, என்றான். ச். ச்.
பூவைச் சொல்கிறேன்.
ஜிஜக் என்று எங்கள் பக்கம் எதுவும் பூப்பதில்லை.

அந்த எழுத்து இவர்களிடம் கிடையாது, என்றேன்.
என் அட்டையை எடுத்துக் காட்டினேன்:
பச்சையப்பன்
பாஷாயாபான் ஆகிப் பதினோரு வருடம்.
சிரிப்பான் என்று நினைத்தேன்.
உன் ஊர்ப் பதிவேட்டில் எப்படி இருக்கிறது, என்று கேட்டான்.
பச்சையப்பன் என்றுதான்.
அப்படியானால் உனக்கு இது
எழுத்துப்பிழை, என்றான்.

அவன் ஊர் துஸ் குர்மாத்தூ.
துஸ் என்றால் உப்பு. குர்மா பேரீச்சை.
கிர்குக்குக்குத் தெற்கே, பாக்தாத் சாலையில்.
கணக்கெடுக்க வந்தவனிடம் இரண்டே கட்டம் இருந்தன,
அரபி, குர்து.
வீடு கையை விட்டுப் போகாதிருக்க
அப்பா அரபியில் குறியிட்டார்.
ஆட்சி மாறியதும் அண்ணன்
காவல்துறை வேலைக்காகக் குர்து ஆனான்.
ஒரே தந்தூரில் சுட்ட ரொட்டிதான் இருவருக்கும்.
அம்மாவை யாரும் கேட்கவில்லை.
அவள் துருக்மெனில் பால்காரனோடு சண்டை போட்டபடியே
செத்துப்போனாள்.

இங்கே ஒருநாள்
இஸ்தான்புல்காரர் ஒருவர் இவன் பேசுவதைக் கேட்டுவிட்டு
நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறாயே, என்று தோளைத் தட்டினாராம்.
தாய்ப்பாலைக் காட்டி
எந்தக் கடையில் வாங்கினாய் என்பதுபோல.

தாய்மொழி. பட்டியலைத் திறந்தேன்.
துருக்மென் இருந்தது!
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தான்.
அழுத்தியதும் பக்கத்துக் கட்டம்
துர்க்மெனிஸ்தான் என்று தானே நிரம்பிக்கொண்டது,
அவன் கனவிலும் போயிராத நாடு.
நாட்டை அழித்து ஈராக் போட்டேன்.
மொழி அரபியாயிற்று.
அரபியை அழித்தேன்.
ஈராக் போயிற்று.
வெளியே வரிசையில் ஒரு பட்டான் டிரைவர்
கடிகாரத்தைப் பார்த்தான்.

கீழே 'மற்றவை' இருக்கிறது, என்றேன்.
அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.
ஒன்பது நாளில் மற்றவையா?
அரபியே இருக்கட்டும். அப்பா போட்டதுதானே.
பெயரை மட்டும் விடாதே.

ஆங்கிலக் கட்டத்தில் 'சி'க்குக் கீழே
சின்னதாக ஒரு வால் வேண்டும் என்றான்.
இயந்திரம் வாலை ஏற்கவில்லை.
'ஹெச்' சேர்த்தேன்.
முழுசாக அதுவும் இல்லை. ஜிஜக்கைவிடத் தேவலாம்.

ரசீதின் முதுகில் தமிழில் எழுதிக் கொடுத்தேன்,
எதற்கென்று இன்றுவரை தெரியவில்லை.
நடுவில் இருப்பது சரியாக அழுந்தும், என்றேன்,
முதல் எழுத்து எங்களிடமும்
வாய்க்கு வாய் மாறும்.
நான்காய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.
முப்பதுதான் வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை மாலை, அல் மஜாஸ்.
'அசல் துருக்கி ஐஸ்க்ரீம்' என்ற பலகைக்குக் கீழே
சிவப்புக் குஞ்சம் வைத்த தொப்பியில் அவன்.
நீளக் கம்பியின் நுனியில் கூம்பை நீட்டுகிறான்,
கை தொடுவதற்குள் இழுத்துக்கொள்கிறான்,
தலைகீழாக்குகிறான், மணி அடிக்கிறான்,
வெறுங்கூம்பைக் கொடுத்து மறுபடி பிடுங்குகிறான்.
கூட்டம் கைபேசியில் படம் பிடித்தது.
என்னைப் பார்த்தானா தெரியாது.

ஒரு பொடியன் மூன்றாம் தடவைக்குப் பிறகு
கையைக் கட்டிக்கொண்டான்.
போதும் என்று நின்றுவிட்டான்.
எர்ஷத் கம்பியை நீட்டியபடியே இருந்தான்.
ஆகஸ்ட் மாதம்.
அவன் மணிக்கட்டு வரை ஒழுகிக்கொண்டிருந்தது.